வெறும் ஆவிதானே என்றாயே

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மணிக்கட்டில் நன்றாகவே கொப்பளித்திருக்கிறது. அதை உடைத்துவிடாதே, பற்பசை எதையும் தடவாதே. பெரிதானாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடு. "கொதிநீர் தெறித்தபோதுகூட இப்படி ஆனதில்லை, இது வெறும் ஆவிதானே அம்மா" என்று எழுதியிருந்தாய். அந்த 'வெறும்' பொறுக்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சிறுவயதில் பனிக்கட்டியைப் பாத்திரத்தில் போட்டு, இளந்தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே வெப்பமானியைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? கடைசித் துண்டு கரையும்வரை அது 0 டிகிரியை விட்டு நகரவே இல்லை. "இது கெட்டுப்போய்விட்டது" என்று நீ அழாத குறை. கெடவில்லை. அடுப்பு கொடுத்த வெப்பமெல்லாம் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்துவதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. 1760களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் இதைத்தான் அளந்து பார்த்தார். வெப்பமானிக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வதால் அது உள்ளுறை வெப்பம்.

இப்போது உன் மணிக்கட்டுக்கு வருகிறேன். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறக்குறைய 80 கலோரி. அந்த நீர் 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக 100 கலோரி. அதன்பின் ஒரு டிகிரிகூட ஏறாமல் ஆவியாவதற்கு மட்டும் 540 கலோரி! தோலில் பட்டதும் ஆவி மறுபடி நீராகிறது. வாங்கிய 540ஐயும் அங்கேயே இறக்கிவிடுகிறது. அப்படி உண்டான நீரும் கொதிநீர்தான். அது உடல் சூட்டுக்கு ஆறுவதற்குள் இன்னும் 63 கலோரி. தெறித்த கொதிநீரிடம் இருந்ததோ அந்த 63 மட்டும். கிராமுக்குக் கிராம் பார்த்தால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு.

பாடநூலில் திண்மம், திரவம், வாயு என்று மூன்று கட்டம் போட்டு, நடுவில் மெல்லிய அம்புக்குறிகள் வரைந்திருப்பார்கள். விஷயமெல்லாம் அந்த அம்புகளில்தான் இருக்கிறது. நானும் இருபத்தெட்டு ஆண்டுகள் உருகுதல், ஆவியாதல், பதங்கமாதல் என்று ஒப்பிக்க வைத்து மதிப்பெண் போட்டவள்தான்.

இன்னொரு தவறும் என்னுடையது. கெண்டியின் மூக்கிலிருந்து வரும் வெண்புகையைக் காட்டி, இதுதான் நீராவி என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிக் கூட்டம். உற்றுப் பார், மூக்கின் வாய்க்கும் வெண்புகைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளியில் எதுவும் தெரியாது. நீராவி அங்கேதான் இருக்கிறது. ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்தில்தான் நீயும் கையை நீட்டியிருப்பாய்.

இனி மூடியைத் திறக்கும்போது உனக்கு எதிர்ப்பக்க ஓரத்தை முதலில் தூக்கு. மூடியே உன் கைக்குக் கேடயமாக இருக்கும். நாளைக் காலை இன்னொரு படம் அனுப்பு, வெளிச்சத்தில் எடுத்து.

அன்புடன்,
அம்மா