செயலாளரின் ஆண்டறிக்கை: குளிர்காலமும் நம் கேரவன்களும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நடவடிக்கைக் குறிப்புகள் ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்டன, திரும்ப வாசிக்கப் போவதில்லை. ஆண்டு முழுக்க நாம் அதிகம் பேசியது ஒரே விஷயம்தான்: பனிக்காலத்தில் கேரவனை எப்படிக் கதகதப்பாக வைப்பது? "எத்தனை கிலோவாட் ஹீட்டர் வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தோம், நானும்தான்.

குளிர்காலப் பயணத்தின் முதல் இரவு. என் வண்டியில் ஹீட்டர் விடிய விடிய ஓடியும் கால் விறைத்துப்போனது. காலையில் பார்த்தால் முன்கண்ணாடியின் உட்புறம் நீர் கோடு கோடாக வழிகிறது. மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை நசநசவென்று ஈரம். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி, உள்ளுக்கும் வெளிக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்றால், அந்தக் கண்ணாடி வழியாக மட்டும் ஏறக்குறைய 280 வாட் சூடு போய்விடுகிறது. மூன்று பேர் தூங்கும்போது அவர்கள் உடம்பு தரும் சூட்டைவிட அது அதிகம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

மறுநாள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையைத் தொடும் கனமான திரை கட்டினோம். கண்ணாடிகளுக்குப் பளபளப்புத் தாள் ஒட்டிய மறைப்பு, தரைக்குக் கம்பளம், மெத்தைக்கு அடியில் காற்று புகுந்து ஓட இடம்விடும் சட்டங்கள். அன்றிரவு ஹீட்டரை ஒரு படி குறைத்துத்தான் வைத்தேன், நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் ஈரம். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்த உறுப்பினரின் வண்டியில் சுவரே வியர்த்தது. சிலிண்டரில் வரும் எரிவாயுவான புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது குளிர்ந்த சுவரில்தான் போய் உட்காரும். குளிருக்குப் பயந்து எல்லாத் துவாரத்தையும் அடைப்பது நம் பழக்கம், அதை விட வேண்டும். கூரைத் துவாரம் இரண்டு விரல் அளவாவது திறந்திருக்கட்டும். வெளிக்காற்று குளிர்ந்ததாக இருந்தாலும் அதில் உள்ள நீராவி குறைவு.

இன்னொரு இரவு ஒரு வண்டியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. ஹீட்டரின் புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருந்தது. அந்த நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அலாரம் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே மனம் வரவில்லை. அலாரம் இல்லாத வண்டிக்குக் குளிர்காலப் பயணத்தில் இடமில்லை என்ற தீர்மானம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

"சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, ஆனால் அடுப்பு எரியவில்லை" என்று இரண்டு பேர் தவித்தார்கள். அவர்கள் சிலிண்டரில் இருந்தது பியூட்டேன் என்ற இன்னொரு வகை எரிவாயு. தண்ணீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரில் அது ஆவியாகாது, திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அதனால் பனிக்காலத்துக்குப் புரொப்பேன்தான்.

மின்சார ஹீட்டரைப் பேட்டரியில் ஓட்டலாமா என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வந்தது. 1500 வாட் ஹீட்டருக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் வேண்டும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதே பேட்டரியில் 50 வாட் மின்போர்வை இரவு முழுக்க ஓடும். முழு அறையையும் சூடாக்குவதைவிடப் படுத்திருப்பவரைச் சூடாக்குவது மலிவு. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் அது 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்ற வேண்டாம், செல்கள் கெட்டுவிடும்.

டீசல் ஹீட்டர்காரர்களுக்கு ஒன்று: எப்போதும் மெதுவாகவே ஓட்டினால் உள்ளே கரி படியும். அவ்வப்போது சிறிது நேரம் முழு வேகத்தில் விடுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். அதற்கு முன், சங்கத்தின் கனத்த திரை ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறதோ, அடுத்த பனிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்