பதினாறு செருப்பு

எல்லாருக்கும் வணக்கம். டென்ட் அடிக்க போன எங்க எட்டு பேர்ல ஒருத்தன், கடல் ஏத்தத்துல மாட்டி ஆஸ்பத்திரியில இருந்தான்ல, நேத்து சாயங்காலம் அவன வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டோம். சொந்த கால்ல மூணு மாடி ஏறி வந்தான், அவங்க அம்மா வாசல்லயே நிக்க வச்சு சுத்திப்போட்டாங்க, அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்த எனக்கு அப்போ தான் அழுகையே வந்துச்சு. அந்த ராத்திரி கோர்லையில (அலிபாக் பக்கம் இருக்குற கடலோர ஊரு) என்ன ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப எழுத எனக்கு தெம்பில்ல. நன்றி சொல்லணும், அவ்ளோதான்.

மொத்தமா சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இருட்டுல ஹோடிய (மீன்பிடி படகு) தள்ளிக்கிட்டு இறங்குன அந்த கோலி மீனவ அண்ணன்மாருங்க, சர்ச் தெருவுல இருந்து ஆட்டோ எடுத்துட்டு வந்த பசங்க (அவங்க வீட்ல பேசுற போர்ச்சுகீசு கலந்த பாஷை நமக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா ரேவ்தண்டா பாலம் தாண்டி அலிபாக் வர்ற வரைக்கும் அவன் தலைய மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க), ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி பார்த்த சிஸ்டர்ஸ், செய்தி கேட்டதும் மும்பை பாவ்ச்சா தக்கா துறையில ரோரோ கப்பல் புடிச்சு அக்கரையில மாண்ட்வா வந்து நின்ன நம்ம சயான் கோலிவாடா ஆளுங்க, வீட்ல குழந்தைங்கள பார்த்துக்கிட்ட தாராவி அக்கா, எல்லாருக்கும் கையெடுத்து கும்புடுறேன்.

இப்போ அந்த கோர்லை ஆஜிய (மராத்தியில பாட்டி) பத்தி சொல்லணும்.

முத ஒன்றரை நாள் எவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு யாருமே கேக்கல, கேக்கவும் மாட்டாங்க. சவுக்கு மரத்தடியில மூணு டென்ட், நாங்க எட்டு பேரு, நெட்வொர்க் கிடையாது, மதியம் பாய விரிச்சு தூங்குனோம், சாயங்காலம் கரையில வாங்குன பாங்டா மீன சுட்டு சாப்ட்டோம், கோட்டை பக்கம் லைட்ஹவுஸ் வெளிச்சம் சுத்தி சுத்தி வந்துச்சு. டென்ட்டுக்கு பக்கத்துலயே அந்த ஆஜி பொம்பில் காய வைப்பாங்க. மூங்கில் நட்டு கயிறு கட்டி, ரெண்டு ரெண்டு மீனா வாயோட வாய் கோத்து தொங்க விடுறது. எங்கள பார்த்து ஒரு தடவ சிரிச்சாங்க, அவ்ளோதான், நாங்க பேசக்கூட இல்ல.

அந்த ராத்திரி எட்டு பேரும் வெறுங்காலோட தான் ஓடுனோம். அடுத்த நாலு நாளும் யாருக்கும் செருப்பு ஞாபகமே இல்ல, ஆஸ்பத்திரி வாசல்ல ரப்பர் செருப்பு வாங்கி போட்டுக்கிட்டோம். அஞ்சாவது நாள் டென்ட்ட எடுத்துட்டு வரலாம்னு நானும் இன்னொருத்தனும் போனோம், எல்லாம் போயிருக்கும்னு தான் நினைச்சோம். டென்ட் மூணும் மடிச்சு கயிறு கட்டி ஆஜி வீட்டு திண்ணையில இருந்துச்சு. மேல பார்த்தா பொம்பில் காயுற அதே மூங்கில்ல, எங்க செருப்புங்க. மண்ண கழுவி, ஜோடி ஜோடியா வலை நூலால கட்டி, நாய் தூக்காத உயரத்துல தொங்குது. எட்டு ஜோடி. நான் அப்படியே நின்னுட்டேன்.

எதுக்கு ஆஜி இவ்ளோ வேலைன்னு எனக்கு தெரிஞ்ச மராத்தியில கேட்டேன். கரையில செருப்பு மட்டும் கெடக்கக்கூடாது பாளா (கண்ணு) அப்டின்னாங்க. அவங்க ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம் தானாம். அதனால அன்னைக்கு ராத்திரியே, நாங்க ஆட்டோவுல போனதும், டார்ச் எடுத்துட்டு வந்து ஒண்ணொண்ணா பொறுக்கியிருக்காங்க. எண்ணுனா பதினஞ்சு தான் இருந்துச்சு. அவனோட இடது கால் செருப்பு இல்ல. மறுநாள் தண்ணி வத்துனதும் பேரன கூட்டிட்டு பாறை இடுக்கெல்லாம் தேடி, மத்தியானம் வாக்குல எடுத்திருக்காங்க. அது கெடச்சதும் தான் பையன் பொழச்சுக்குவான்னு நிம்மதியா சாப்ட்டாங்களாம். அவன் பேரு கூட அவங்களுக்கு தெரியாது.

பணம் குடுத்தேன், வாங்கல. பால் இல்லாத டீ குடுத்தாங்க. பக்கத்துல உக்கார வச்சு கடல் ஏத்தம் கணக்கு பார்க்குறது எப்படின்னு சொல்லி குடுத்தாங்க. திதிய முக்காலால பெருக்கணும். அஷ்டமின்னா எட்டு, முக்கால் போட்டா ஆறு, ஆறு மணி வாக்குல ஏத்தம். பௌர்ணமி அமாவாசைன்னா பன்னெண்டுக்கு கிட்ட வரும், அன்னைக்கு தண்ணி ரொம்ப தூரம் ஏறும். நம்ம வீட்டு டெய்லி காலண்டர்லயும் திதி போட்டிருக்கு, நாம அத தினமும் கிழிச்சு போடுறோம். இனிமே எந்த கடற்கரைக்கு போனாலும் டென்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஊர்க்காரங்கள்ட்ட ஏத்தம் எப்போன்னு கேக்காம மண்ணுல கால் வைக்க மாட்டேன், இது என் புள்ளைங்க மேல சத்தியம்.

நான் பொறந்து வளர்ந்த ஏரியா பேரே கோலிவாடா, கோலிங்க குடியிருப்புன்னு அர்த்தம். இந்த மும்பைக்கே பேரு அவங்க கும்புடுற மும்பாதேவியோட பேரு. நாற்பது வருஷமா மீன்காரம்மாட்ட பேரம் பேசுனத தவிர ஒரு கோலி வீட்டு திண்ணையில நான் உக்காந்ததில்ல. அவங்க தாத்தா பாட்டி வலை போட்ட இடத்துல தான் நாம குடியிருக்கோம்னு தெரியும், ஆனா அது மனசுல தைச்சது அன்னைக்கு தான்.

நாரளி பௌர்ணமி அன்னைக்கு அவங்க கடலுக்கு தேங்காய் விடுவாங்க, நமக்கு ஆவணி அவிட்டம் வர்ற அதே பௌர்ணமி. எட்டு பேரும் குடும்பத்தோட கோர்லை போறோம், ஆஜிக்கு ஒரு நல்ல காட்டன் புடவை எடுத்து வச்சாச்சு, பச்சை கலர்.

அவனோட சட்டையும் அதே கயிறுல தான் காஞ்சுச்சு. மூணு தடவ தோச்சும் பொம்பில் வாசம் போகல, அவங்க அம்மா நாலாவது தடவ ஊற வைக்க போனாங்க, அவன் விடல. இன்னைக்கு காலையில அந்த சட்டைய போட்டுக்கிட்டு, அந்த செருப்பையே மாட்டிக்கிட்டு கீழ டீ குடிக்க இறங்குனான், இடது கால் வார்ல வலை நூல் இன்னும் அவுக்கல.