ஆண்டறிக்கை: தொலைந்த கம்மலும் உடைத்த கரையும்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் திரைப்படச் சங்கத்தில் மாதம் ஒரு படம் என்ற வழக்கம் இந்த ஆண்டும் தவறவில்லை, ஐப்பசி நீங்கலாக. அன்று அடைமழை. நாகர்கோவில் வடசேரி மாடிக்கு வந்து சேர்ந்தது தலைவரும் நானும் வாட்ச்மேனும்தான். சந்தா பாக்கிக்காரர்களின் பெயரை வாசிக்கப் போவதில்லை, அவரவருக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் சொல்வார்.

அதிகம் சண்டை நடந்தது ‘தி லாஸ் ஆஃப் எ டியர்டிராப் டயமண்ட்’ படத்துக்கு. அதனால் அதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் 1957ல் எழுதிய திரைக்கதை. 1983ல் அவர் இறந்தார். மறு வருடம் புத்தகத்தில் அச்சானது, அப்படியும் எடுப்பாரில்லை. 2008ல்தான் ஜோடி மார்க்கெல் என்ற நடிகை தம் முதல் முழுநீளப் படமாக எடுத்தார். டொராண்டோ விழாவில் காட்டிவிட்டு அமெரிக்கத் தியேட்டருக்கு வர 2009 டிசம்பர் கடைசி ஆகிவிட்டது.

அங்கே விமர்சகர்களில் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்கினார்கள். வில்லியம்ஸின் பழைய நாடகப் பெண்களே மறுபடி வருகிறார்கள், கதை நகரவில்லை என்றார்கள். படுக்கையில் கிடந்தபடியே எலன் பர்ஸ்டின் நடித்த சிறு வேடத்துக்குப் பாராட்டு கிடைத்தது. நம் உறுப்பினர் ஒருவர் இந்த விமர்சனங்களைப் பிரிண்ட் எடுத்து வந்து, படம் போடும் முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

கதை 1920களில் நடக்கிறது. பிஷர் வில்லோ என்ற பணக்காரப் பெண்ணை ஊர் ஒதுக்குகிறது. அவள் அப்பா தன் நிலத்து ஆற்றுக்கரையின் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே உடைத்தவர். அதில் உயிர்கள் போயின. தன் அப்பாவிடம் வேலை செய்பவரின் மகனுக்குக் காசு கொடுத்து விருந்துகளுக்குக் கூட்டிப் போகிறாள். அத்தையின் வைரக் கம்மல் ஒன்று தொலைகிறது; சந்தேகம் அவன் மேல் விழுகிறது.

தேரூர்ப் பக்கம் வயல் வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர் எழுந்தார். “சார், கொளம் பெருகி நிக்கும்போ ராத்திரியோட ராத்திரியா கரைய வெட்டிவிட்டவன எங்கூர்ல மூணு தலமொறைக்கு மறக்கமாட்டாவ. அந்த வீட்டுல பொண்ணெடுக்க எவன் போவான்? அதான் அந்தப் பிள்ள காசு குடுத்து ஆளு புடிக்கி.” யாரும் சிரிக்கவில்லை. 2021 நவம்பரில் குளங்கள் உடைந்ததைப் பார்த்தவர்கள்தானே எல்லோரும்.

என் கருத்தையும் எழுதிவிடுகிறேன், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கரையைப் படமே பாதியில் கைவிட்டுவிட்டுக் கம்மல் பின்னால் போய்விடுகிறது. குறையை இயக்குநர் தலையில் மட்டும் கட்ட முடியாது. மேடையேறிய பின்னும் நாடகத்தைத் திருத்திக்கொண்டே இருந்த மனிதர் வில்லியம்ஸ். இந்தத் திரைக்கதைக்கு அந்தத் திருத்தம் கிடைக்கவில்லை. எழுதியவர் இல்லாதபோது ஒரு வரியை வெட்டக்கூட இயக்குநருக்குக் கை வராதுதான். ஆனால் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி தயங்கவில்லையே என்றார் தமிழாசிரியர். சுந்தரம் பிள்ளை படிப்பதற்கென்று 1891ல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகம், அவர் மறைந்து 45 ஆண்டு கழித்து, 1942ல் ‘மனோன்மணி’ என்று படமானது. அதை அடுத்த ஆண்டுக் கூட்டமொன்றில் பேசுவதாகத் தீர்மானம்.

கம்மல் தொலையும் இடத்தில் வாடகைப் புரொஜெக்டர் அணைந்து, நாற்பது நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வாடகையில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செயலாளர்