ஆற்றிலிருந்து தொடங்கச் சொல்

பொறையாறு
டிசம்பர் 8

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி ஊர் திரும்பியதும் குறைந்துவிட்டது. ஆனாலும் நீ அங்கே வாங்கிக் கொடுத்த கம்பளிக் காலுறையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். பொறையாற்று வெயிலில் கம்பளிக் காலுறையோடு கோலம் போடுகிற ஒரே பெண்மணி அவளாகத்தான் இருக்கும்.

போன ஞாயிறு நீ போனில் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சின்னவனை அங்கே ஜெர்மன் பள்ளியில் ‘என் ஊர்’ என்று ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீ என்ன சொன்னாய்? “புல்ஸ்னிட்ஸைப் பற்றிச் சொல்ல என்னப்பா இருக்கிறது? ஏழாயிரம் பேர், ஒரு சதுக்கம், நாலு இனிப்புக் கடை. தரங்கம்பாடி, சீகன்பால்கு என்று அவன் பேசினால் வகுப்பே அசந்துபோகும்” என்றாய். முப்பத்திரண்டு வருடம் புவியியல் வாத்தியாராக இருந்தவனிடம் ஓர் ஊரில் ஒன்றும் இல்லை என்று சொல்லலாமா? அப்போது சண்டை பிடிக்க மனமில்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இப்போது சாவகாசமாகப் பிடிக்கிறேன்.

உங்கள் ஊரில் பிறந்து நம் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அவனை ஆற்றிலிருந்து தொடங்கச் சொல்.

ஊருக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர் என்பதைக்கூட நீ கவனித்திருக்க மாட்டாய். உன்னோடு தங்கியிருந்த மூன்று மாதமும் காலையில் நான் நடக்கப் போனது அந்த ஆற்றங்கரைக்குத்தான். ஆறு என்று சொன்னால் நம் காவிரிப் பாசனத்து ஆட்கள் சிரிப்பார்கள். நம்மூர்க் கணக்கில் அது வாய்க்கால். ஊருக்குத் தெற்கே மேட்டு நிலத்தில் ஊறி, வடக்கு நோக்கிப் போய், கருப்பு எல்ஸ்டர் ஆற்றில் கலந்து, அதன் வழியாக எல்பே நதியில் சேர்ந்து, வட கடலுக்குப் போகிறது. பெயரும் ஜெர்மன் பெயர் இல்லை. ‘இட்ஸ்’ என்று முடிகிற ஊர்ப் பெயர்கள் அந்தப் பக்கத்தில் கொட்டிக் கிடக்கின்றன: கோர்லிட்ஸ், கெம்னிட்ஸ். எல்லாம் ஜெர்மானியர் வந்து குடியேறுமுன் அங்கிருந்த ஸ்லாவிய மக்கள் வைத்தவை. அவர்களின் வழிவந்த சோர்பியர்கள் இன்னும் கிழக்கே பௌட்சன் பக்கம் இருக்கிறார்கள். அங்கே தெருப் பலகைகள் இரண்டு மொழியில் இருப்பதை நீதானே எனக்குக் காட்டினாய்? பக்கத்து ஊர் கமென்ஸுக்குக் கல் என்று பொருள். மொழி மாறிப் போனாலும் ஆறும் கல்லும் பழைய பெயரை விடவில்லை.

அந்த வாய்க்கால்தான் நூற்றாண்டுக் கணக்கில் நாட்டெல்லை. மேற்குக் கரை மைசன் நாடு, சாக்சனி ஆட்சியாளரின் கையில் இருந்தது. கிழக்குக் கரை மேல் லௌசிட்ஸ். அது பொஹீமிய (இன்றைய செக் நாட்டு) அரசருக்குச் சொந்தம். நகரம் கிழக்குக் கரையில் வளர்ந்தது. எதிர்க்கரையில் இருந்த குடியிருப்புக்கு ‘புல்ஸ்னிட்ஸ் மைசன் பக்கம்’ என்றே பெயர். முப்பதாண்டுப் போரின் நடுவில், 1635-ல், பிராகா உடன்படிக்கையின்படி லௌசிட்ஸ் சாக்சனியின் கைக்குப் போனது. இரு கரைக்கும் ஒரே ஆட்சியாளர் என்று ஆன பிறகும் பெயர் போகவில்லை. பின்னாளில் அந்தக் குடியிருப்பு நகரத்தோடு சேர்ந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு ஏன் உடனே பிடிபட்டது தெரியுமா? நண்டலாற்றங்கரையில் வாழ்கிறவன் நான். பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் காரைக்கால். தாத்தா காலத்தில் அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். இப்போதும் பாலத்தைத் தாண்டியதும் சாராயம் விலை குறைகிறது. எல்லையின் முழு அர்த்தத்தையும் நம்மூரில் பலர் அந்த ஒரு விலைப்பட்டியலிலேயே படித்துவிடுகிறார்கள். எல்லையோரத்து ஊர்க்காரனுக்கு இரண்டு பக்கத்துச் சட்டமும் தெரிந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஏற்றபடி எதையாவது செய்து விற்றாக வேண்டும்.

புல்ஸ்னிட்ஸ்காரர்கள் செய்து விற்றது ‘மிளகு கேக்’. சின்னவன் முதல் நாளே என்னிடம் கேட்டான்: “தாத்தா, இதில் மிளகே இல்லையே?” வகுப்பில் அதையே கேள்வியாக வைத்துத் தொடங்கினால்கூட நன்றாக இருக்கும். கடல் கடந்து வந்த வாசனைச் சரக்கு எதுவானாலும் அந்தக் காலத்து ஜெர்மனியில் அதற்கு மிளகு என்றுதான் பெயர். லவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம், சாதிக்காய் எல்லாம் ‘மிளகு’. வியாபாரி எந்த மூட்டையை அவிழ்த்தாலும் மிளகு! 1558-ல் உள்ளூர் ரொட்டிக்காரர்களுக்கு இந்த கேக்கைச் சுட்டு விற்க உரிமை கிடைத்தது. அப்போது ஊர் பொஹீமிய அரசின் கீழ் இருந்தது என்பதைக் கவனி. கிழக்கத்திய வாசனைச் சரக்கு லிஸ்பன், வெனிஸ் போன்ற துறைமுகங்களில் இறங்கிய காலம் அது. லைப்சிக்கிலிருந்து சிலேசியாவுக்குப் போகும் பெரிய வணிகப் பாதை, இதே ஆற்றைக் கொஞ்சம் வடக்கே கோனிக்ஸ்ப்ரூக்கில் கடந்து, கமென்ஸ் வழியாகப் போனது. இந்த மூலையில் ஏன் மிளகு கேக் என்று வகுப்பில் யாராவது கேட்டால் அந்தப் பாதையைத்தான் படத்தில் காட்ட வேண்டும்.

செய்முறையை உன் அம்மா விசாரித்து வந்து என்னிடம் ஒப்பித்தாள். மாவில் முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெயும் இல்லை. மாவும் தேனும் (அல்லது சர்க்கரைப் பாகும்) மட்டும். பிசைந்து உடனே சுடுவதில்லை. வாரக்கணக்கில், சில பட்டறைகளில் மாதக்கணக்கில், தொட்டியில் கிடத்தி வைக்கிறார்கள். கல்லாக இறுகிய அதை மறுபடி பிசைந்து, வாசனைச் சரக்கும் உப்பும் சேர்த்து அடுப்பில் ஏற்றுவார்கள். உப்பு என்றால் சமையல் உப்பு இல்லை. முற்காலத்தில் மான் கொம்பைக் காய்ச்சி எடுத்த அம்மோனிய உப்பும், மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷும். அவைதான் கேக்கை உப்ப வைக்கின்றன. நம் இட்லி மாவு ஓர் இரவு புளிப்பதற்கே பொறுமை இழக்கிற உன் அம்மா, மாதக்கணக்கு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

போர்கள் வந்தன, பொதுவுடைமை ஆட்சி நாற்பது ஆண்டு இருந்தது, 1990-ல் நாடு ஒன்றானது. அதையெல்லாம் பாடப் புத்தகம் சொல்லும். சின்னவன் சொல்ல வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் கேக் பட்டறைகள் அணையவில்லை என்பதை மட்டும் சொல்லட்டும். மிளகு கேக் செய்பவருக்கு அங்கே தனிப் பெயர் உண்டு, தனித் தொழில் மரியாதை உண்டு. ரொட்டிக்காரரை அந்தப் பெயரால் கூப்பிட்டால் இருவருமே திருத்துவார்கள்.

இன்னொன்று நீலத் துணி. அந்தப் பட்டறைக்கு நீ வரவில்லை, அலுவலகம் என்றாய். மர அச்சில் ஒரு பசையைத் தொட்டுத் துணியில் பதித்து, காயவைத்து, அவுரித் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். பசை இருந்த இடம் வெள்ளையாகவே நிற்கிறது, மற்றதெல்லாம் நீலம். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கிறது. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவுரி கிழக்கிலிருந்து கப்பலில் வந்தபோது ஜெர்மானிய நாடுகள் பலவற்றில் அதற்குத் தடை போட்டார்கள். பிசாசின் சாயம் என்றுகூடத் திட்டினார்கள். உண்மையான காரணம், துரிங்கியாவில் வேறொரு நீலச் செடியைப் பயிரிட்டவர்களின் பிழைப்பு. கடைசியில் அவுரிதான் ஜெயித்தது. பிறகு 1897-ல் ஜெர்மன் வேதியியல் ஆலை ஒன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து, நம் நாட்டு அவுரி வயல்களைக் காலி செய்தது. இப்படி அச்சிடும் முறையை 2018-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனியோடு இன்னும் நாலு நாடுகளின் பெயரில்.

சதுக்கத்தில் நிற்கிற சிலையையும் சேர்த்துக்கொள்ளலாம். சீகன்பால்கு என்று நினைத்து நான் கிட்டே போய் ஏமாந்தேன். அது எர்ன்ஸ்ட் ரீட்ஷல், சிற்பி, 1804-ல் அங்கே பிறந்தவர். அப்பா தோல் பையும் கையுறையும் தைத்துப் பிழைத்தவர். வைமாரில் கவிஞர்கள் கேத்தேயும் ஷில்லரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற சிலை இருக்கிறதே, அதைச் செய்த கை இவருடையது.

சரி, இப்போது சீகன்பால்கு. 1682-ல் புல்ஸ்னிட்ஸில் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி. சிறு வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். கமென்ஸிலும் கோர்லிட்ஸிலும் படித்து, பிறகு ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போனார். டென்மார்க் அரசர் அனுப்பி, 1706 ஜூலையில் நம் தரங்கம்பாடியில் இறங்கினார். 24 வயதுகூட நிறையவில்லை. பையன்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இரண்டே வருடத்தில் தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களுக்கு அட்டவணை போட்டார். மதம் மாற்ற வந்தவர். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் வந்த இடத்தில் அந்த மனிதருக்குத் தமிழ் மேல் ஒரு பசி வந்துவிட்டது. நம் தெய்வங்களைப் பற்றி 1713-ல் பெரிய புத்தகம் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அதைப் போற்றுவாரில்லை. சென்னையில் அச்சேறியபோது ஆண்டு 1867. 1719-ல், 36 வயதில், இங்கேயே காலமானார். ராஜ வீதி தேவாலயத்துக்குள் இருக்கிற அவருடைய கல்லறையை எத்தனை முறை பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன்! அவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, எனக்கே தெரியாது.

நீ அந்த ஊரில் குடியிருப்பது பூர்வ ஜென்ம பந்தம் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். டிரெஸ்டனில் வாடகை கட்டுப்படியாகாமல், ரயில் போகும் ஊராகப் பார்த்துப் பிடித்தாய் என்பது எனக்குத் தெரியும். அந்த இருப்புப் பாதை 1871-ல் போட்டது. பந்தம் என்றால் அதுதான்.

இந்தக் கதையை முதலில் சொல்ல வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. சின்னவன் எழுந்து நின்று இந்தியா என்று தொடங்கினால், மற்றப் பிள்ளைகளுக்கு அவன் ஒரு விருந்தாளி ஆகிவிடுவான். அவர்களுடைய ஆற்றையும் அவர்களுடைய கேக்கையும் அவர்களுக்கே தெரியாத அளவுக்கு அவன் சொல்லட்டும். அவன் அங்கே பிறந்தவன். அது அவனுடைய ஆறும்தான். பிறகு யாராவது இந்தியாவைப் பற்றிக் கேட்டால் தரங்கம்பாடி இருக்கவே இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. என்னிடம் படித்த எல்லாப் பிள்ளைகளும் செய்த வேலை. சனிக்கிழமை அவனை ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, லௌசிட்ஸிலிருந்து மைசனுக்கு, எத்தனை எட்டு என்று அவனே நடந்து எண்ணட்டும். நீ எண்ணாதே, அவன் எண்ணட்டும். நான் நேற்று சாயங்காலம் நண்டலாற்றுப் பாலத்தை நடந்து எண்ணிவிட்டேன். சோதனைச் சாவடிக் காவலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவன் கணக்கு வந்த பிறகுதான் என் கணக்கைச் சொல்வேன்.

வரும்போது அந்தச் சாக்லேட் பூசிய கேக்கைத் தகர டப்பாவிலேயே கொண்டு வா. அட்டைப் பெட்டியில் போனமுறை எறும்பு ஏறிவிட்டது.

அன்புடன்,
அப்பா