ஷ்பிட்ஸிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். சென்ற வாரம் தொலைபேசியில், "வேலை பார்த்த காலமெல்லாம் வியன்னாவில் இருந்துவிட்டு, வயதான காலத்தில் அந்தப் பட்டிக்காட்டில் போய் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? நாலு திராட்சைக் கொடியையும் ஓர் இடிந்த கோட்டையையும் தவிர அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் உன் அம்மா பேச்சை மருந்து மாத்திரைப் பக்கம் திருப்பிவிட்டாள். நீ வந்த இரண்டு தடவையும் ஒரு நாளுக்கு மேல் தங்கவில்லை. ஊரைச் சுற்றிக் காட்ட எனக்கு வாய்க்கவும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி, பேரனுக்கும் வாசித்துக் காட்டு.

ஆஸ்திரியாவில் மெல்க் நகரிலிருந்து கிரெம்ஸ் நகர் வரை சுமார் 36 கிலோமீட்டர் தூரம் டான்யூப் ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிற பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். அதன் நடுவே, ஆற்றின் இடக்கரையில், மேற்கிலிருந்து ஓர் ஓடை வந்து கலக்கும் இடத்தில் எங்கள் ஷ்பிட்ஸ் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 1,600. ஆற்றோரத்து ஷ்வாலன்பாக், ஓடைப் பக்கத்துக் குட் ஆம் ஷ்டேக் போன்ற சிற்றூர்களும் இந்த ஊராட்சிக்குள்தான் வருகின்றன.

இங்கே ஆறு அறுத்திருப்பது போஹீமியப் பாறைத்திணிவின் தெற்கு விளிம்பை. மிகப் பழைய, மிகக் கெட்டியான பாறை அது. கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய நைஸ் பாறை செங்குத்தான சரிவுகளில் வெளியே தெரியும். பனியுகக் காலத்துக் காற்று வாரிக்கொண்டு வந்து ஒதுக்குப்புறங்களில் கொட்டிய லோஸ் என்னும் மஞ்சள் புழுதிமண் தாழ்ந்த இடங்களில் படிந்து கிடக்கும். மண் ஆழமாக இருக்கும் இடத்தில் குரூனர் வெல்ட்லீனர் திராட்சைக் கொடியையும், கல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் ரீஸ்லிங் கொடியையும் நடுவது இங்குள்ளவர்களின் வழக்கம். கிழக்கே பனோனியச் சமவெளியிலிருந்து வெப்பக் காற்று ஆற்றோடு ஏறி வருகிறது. மேற்கேயும் வடக்கேயும் உள்ள வால்ட்ஃபியர்டெல் காட்டு மேட்டிலிருந்து இரவில் குளிர்ந்த காற்று இறங்கி வருகிறது. பகலில் வெயில் பழத்துக்குச் சர்க்கரை ஏற்ற, இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இந்த இரண்டு காற்றும் சந்திக்கும் வாசலில் நாங்கள் குடியிருக்கிறோம். ஓடையைத் தொடர்ந்து மேற்கே ஷ்பிட்சர் கிராபென் பள்ளத்துக்குள் அரை மணி நேரம் நடந்தாலே சட்டைக்கு மேல் ஒரு கம்பளி தேவைப்படும்.

ஊருக்கு நடுவிலேயே ஒரு குன்று எழுந்து நிற்பதை நீ பார்த்திருக்கிறாய். அதன் பெயர் ஆயிரம் ஐமர் குன்று. ஐமர் என்பது பழைய அளவை. ஒன்று சுமார் 56 லிட்டர். விளைச்சல் நன்றாக இருக்கிற ஆண்டில் இந்த ஒரு குன்று மட்டும் ஆயிரம் ஐமர், அதாவது 56,000 லிட்டர் ஒயின் தரும் என்பதால் வந்த பெயர். நம் பக்கத்தில் ஒரு நிலத்தை இத்தனை கோட்டை நெல் விதைப்பாடு என்பார்களே, அதைப் போல இங்கே மலைக்கே விளைச்சலை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஜூன் மாதம், ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டி வரும் கதிர்த்திருப்ப இரவில் இந்தக் குன்றின் ஒவ்வோர் அடுக்கிலும் வரிசையாகச் சுடர் ஏற்றுவார்கள். உன் அம்மா முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, கார்த்திகை மாதம் வந்துவிட்டதோ என்றாள்.

அந்த அடுக்குகளைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவை மலையின் இயல்பான வரிகளைப் போலத் தெரியும். கிட்டப் போனால் ஒவ்வொரு வரியும் சுண்ணாம்போ சிமெண்டோ படாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர். இரண்டாள் கைகோத்து நடக்க இடமில்லாத துண்டு நிலத்தைக்கூட ஆளுயரச் சுவர் ஒன்று தாங்கி நிற்கும். இவற்றின் பெரும்பகுதிக்கு இயந்திரம் ஏற முடியாது. கவாத்து, கட்டு, அறுவடை எல்லாம் கைவேலைதான். பழத்தைத் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு இந்தச் சரிவில் கொடி வளர்க்கத் தொடங்கியவர்களுக்குப் பின்னால் தொலைதூரத்து மடங்கள் இருந்தன. 830-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் இந்தப் பகுதி 'வஹோவா' என்று குறிப்பிடப்படுகிறது. பவேரியாவின் நீடரால்டாய்க் மடத்துக்கு இங்கே நிலம் வழங்கிய காலம் அது. மடத்தில் ஒயின் வழிபாட்டுக்கும் வேண்டும், சாப்பாட்டுக்கும் வேண்டும். ஆனால் பவேரியாவின் குளிரில் நல்ல திராட்சை விளையாது. ஆகவே மடங்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் வைத்துக்கொண்டு, அறுவடையை மேற்பார்வை செய்ய ஊர்தோறும் பண்ணை மாளிகைகளைக் கட்டின. 1504 வரை ஷ்பிட்ஸ் ஆஸ்திரியாவைச் சேர்ந்ததாகக்கூட இல்லை. பவேரியாவின் ஆளுகையில்தான் இருந்தது.

நீடரால்டாய்க் மடத்தின் பண்ணை மாளிகையான எர்லாஹோஃப் இன்று கப்பல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அடுத்த முறை உன்னை அங்கே கட்டாயம் அழைத்துப் போவேன். ஆற்றோடு இறங்குவது எளிது. பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு மேல்நோக்கிப் போவது எப்படி என்பதை அங்கே பொம்மை வடிவில் காட்டியிருக்கிறார்கள். படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, கரையோரப் பாதையில் குதிரைகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நீராவிப் படகு வரும்வரை இந்தப் பிழைப்பு நடந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் சைக்கிள் ஓட்டும் ஆற்றோரப் பாதைக்கு ஊரில் இன்னும் வழங்கும் பெயர் அந்தக் குதிரைப் பாதையின் பெயர்தான்.

மடங்களின் சொத்துரிமை 1803-இல் பவேரிய அரசு அவற்றைக் கலைத்தபோது முடிந்தது. அதற்கும் முன்பே, 1784-இல், இரண்டாம் ஜோசப் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார்: தன் நிலத்தில் விளைந்த ஒயினை யார் வேண்டுமானாலும் தன் வீட்டிலேயே வைத்து விற்கலாம். வாசலில் ஒரு கழியில் பசுந்தழைக் கொத்து தொங்கினால் அந்த வீட்டில் விற்பனை உண்டு என்று பொருள்; எடுத்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று. கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி, எந்தப் பலகையும் இல்லாமல் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் தெருவில் இப்போதும் ஒவ்வொரு வீடாக முறை வைத்துத்தான் தழையைக் கட்டுகிறார்கள். நாங்கள் குடிப்பதில்லை என்பது தெரிந்து எங்களுக்குத் திராட்சைச் சாறும் கறுப்பு ரொட்டியும் தருவார்கள்.

மன்னர்கள் கதைக்குப் பேர்போனது பக்கத்து ஊரான டூர்ன்ஸ்டைன். இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னரை 1192-இல் சிறை வைத்த கோட்டை அங்கே இருக்கிறது. பயணிகளின் கப்பல்கள் அங்கே நிற்கும். நம் ஊர்க் கோட்டையான ஹின்டர்ஹாவுஸில் அப்படி யாரையும் அடைத்து வைக்கவில்லை என்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. 1645-இல் சுவீடன் படை இந்தப் பள்ளத்தாக்கைச் சூறையாடிய நினைவு மட்டும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பழைய காவல் வாயிலில் ஒட்டியிருக்கிறது. சிவப்பு வாயில் என்னும் பெயர் அன்று சிந்திய இரத்தத்தால் வந்தது என்பார்கள்.

பேரனுக்குப் பிடித்த செய்தி ஒன்று. 1908-இல் ரயில் பாதை போட மண்ணைத் தோண்டியபோது, எங்களுக்கு மேலே ஆற்றோரமாக இருக்கும் வில்லென்டார்ஃபில் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் சிலை கிடைத்தது. வயது ஏறக்குறைய 30,000 ஆண்டுகள். அதைச் செதுக்கிய கல் இந்தப் பகுதிக் கல்லே இல்லை. வட இத்தாலியிலிருந்து வந்திருக்கலாம் என்று 2022-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சிலை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து உன்னையும் அழைத்துப் போய்க் காட்டினார்களே. 1909-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில், பாவம், 2010-க்குப் பிறகு சுற்றுலாக் கால ரயிலாகிவிட்டது.

ஒயினைப் பற்றி எழுதாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. 1983-இல் இங்குள்ள உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து, வெளியிலிருந்து எதையும் கலக்கக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1985-இல், நாட்டின் சில வியாபாரிகள் ஒயினை இனிப்பாகவும் கெட்டியாகவும் காட்டுவதற்கு டைஎத்திலீன் கிளைகால் என்னும் இரசாயனத்தைக் கலந்தது வெளிப்பட்டு, ஆஸ்திரிய ஒயின் ஏற்றுமதியே குலைந்தது. அப்போது நாங்கள் வியன்னாவில் இருந்தோம். கடை அலமாரிகள் காலியானது எனக்கு நினைவிருக்கிறது. தப்புச் செய்யாதவனும் சேர்ந்து அடிபட்ட காலம் அது. அதன்பின் வந்த சட்டம் ஐரோப்பாவிலேயே மிகக் கடுமையானது என்று பெயர் எடுத்தது.

அந்தச் சங்கம் ஒயினை மூன்று தரமாகப் பிரிக்கிறது. இலேசானதற்கு மலையில் வளரும் ஒரு புல்லின் பெயர். நடுத்தரத்துக்கு வல்லூறு வேட்டையிலிருந்து எடுத்த பெயர். நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து வரும் கனமானதற்கு ஸ்மரக்ட் என்று பெயர். வெயில் ஏறிய கல்சுவரில் வந்து படுத்துக்கொள்ளும் பச்சைப் பல்லியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஸ்மரக்ட் என்றால் நம் மரகதம். இரண்டு சொற்களும் உறவுக்காரச் சொற்கள். இதை நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதிலிருந்து அவர் அந்தப் பல்லியைக் கண்டால் "மரகதம்" என்றுதான் கூப்பிடுகிறார்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். ஷ்வாலன்பாக்குக்குப் பக்கத்தில் ஆற்றை நோக்கிச் செங்குத்தாக ஒரு பாறைத் தொடர் இறங்குகிறது. அதற்குச் சாத்தான் சுவர் என்று பெயர். ஆற்றை மறித்து ஊரை மூழ்கடிக்க நினைத்த சாத்தான், சேவல் கூவுவதற்குள் அணையைக் கட்டி முடிக்க வேண்டியிருந்ததாம். சேவல் முந்திக்கொண்டு கூவ, ஆத்திரத்தில் அவன் அதன் மேல் அம்பெய்தானாம். எதிர்க்கரையில் இருக்கும் செயின்ட் யோஹான் தேவாலயத்தின் உச்சியில் அம்பு தைத்த சேவலை இன்றும் பார்க்கலாம். கதை இருக்கட்டும். உண்மையாகவே இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நீர்மின் அணை கட்டத் திட்டம் போட்டார்கள். 1970-களில் ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஆஸ்திரியாவில் டான்யூப் தடையில்லாமல் ஓடும் நீளங்கள் இரண்டே. ஒன்று வியன்னாவுக்குக் கிழக்கே, மற்றொன்று எங்கள் வாசலில். 2000-இல் யுனெஸ்கோ வாஹாவை உலக மரபிடமாக அறிவித்தது.

அணை வந்திருந்தால் முதலில் நின்றிருப்பது எதிர்க்கரை ஆர்ன்ஸ்டார்ஃபுக்குப் போகும் எங்கள் ஓடமாக இருந்திருக்கும். அதற்கு எஞ்சின் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே தலைக்கு மேல் ஒரு கம்பி. அதில் உருளும் சக்கரத்தோடு ஓடத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஓடக்காரர் சுக்கானைத் திருப்பி ஓடத்தைச் சற்றே சாய்த்து வைத்தால், நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. சத்தமே இருக்காது. உன் அம்மா காரணம் ஏதும் இல்லாமலே வாரம் ஒருமுறை போய்த் திரும்புகிறாள். தடையில்லாத ஆறு என்றால் வெள்ளத்துக்கும் தடையில்லை. 2002-இலும் 2013-இலும் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

கடைசியாக என் கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்தில் சரிந்த சுவரில் நாலடியை நான் கட்டித் தருகிறேன் என்று வீறாப்பாக இறங்கினேன். அடிக்கல் நன்றாக இருந்தது, முகப்பும் மலைப்பக்கம் சாய்ந்தே நின்றது, அவர்கூடப் பாராட்டினார். ஆனால் சுவருக்குப் பின்னால் சல்லிக்கற்களைப் போடுவதற்குப் பதில், சோம்பலில் கையெட்டிய மண்ணையே வாரிப் போட்டுவிட்டேன். சல்லிக்குள் தண்ணீர் வடிந்துவிடும். மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து உப்பியது, சுவர் வயிறு தள்ளியது, மார்ச் மாதம் ஒரு காலையில் மொத்தமும் கீழே கிடந்தது. அவர் திட்டவில்லை. விழுந்த கற்களைப் பெரிது, நீளம், சல்லி என்று மூன்று குவியலாகப் பிரித்து வைத்துவிட்டு, "கல் அப்படியேதான் இருக்கிறது" என்றார். இரண்டாவது முறை அவரோடு சேர்ந்து கட்டியது இன்னும் நிற்கிறது. சிமெண்டு வைத்தால் ஒரே நாளில் முடியுமே என்று நீ கேட்பாய். அப்போது தண்ணீருக்குப் போக வழி இருக்காது, மரகதத்துக்கும் வீடு இருக்காது. இந்தக் கைத்தொழில் 2024-இல் ஆஸ்திரியாவின் பெயரிலும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது என்று அவர் செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டினார்.

அறுவடை இன்னும் முடியவில்லை. ஸ்மரக்டுக்கான பழம் நவம்பர் வரை கொடியிலேயே இருக்கும். அது முடிந்ததும் சிவப்பு வாயிலுக்குக் கீழே இன்னொரு பத்தடியைப் பிரித்துக் கட்டப் போகிறோம். பேரன் கல் சேகரிக்கிறான் என்றாயே, இந்தக் கடிதத்தோடு அனுப்பும் பொட்டலத்தில் சுவரிலிருந்து உடைந்த ஒரு நைஸ் சில்லு இருக்கிறது. தண்ணீரில் நனைத்துப் பார்க்கச் சொல்; வரி நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அப்பா