பெட்டியில் 16 ஆம்பியர், உள்ளே 3 ஆம்பியர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: தரைச் சூட்டு தெர்மோஸ்டாட் (தரையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) மாறி வந்தது பற்றியும், பழியை என் வயரிங் மீது போட்டது பற்றியும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சேவைப் பிரிவு சென்னையில்தான் இருக்கிறது, தமிழிலேயே எழுதுங்கள் சார் என்று போனில் பேசிய தம்பி சொன்னார். ரொம்ப நல்லதாகப் போயிற்று. கோபத்தைத் தாய்மொழியில் எழுதினால்தான் சரியாக வருகிறது.

அந்தத் தம்பி “தரையைச் சூடாக்கவா சார்?” என்று இரண்டு முறை கேட்டார். ஜூன் மாதச் சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும், அதில் வருத்தமில்லை. இது கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே உள்ள ஊர். ஜூன், ஜூலைதான் எங்களுக்குக் குளிர்காலம், விடியற்காலையில் மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கிவிடும். மதுரையிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருடைய அறையில் மட்டும் டைல்ஸுக்கு அடியில் சூட்டுக் கம்பி ஓடுகிறது. 10 சதுர மீட்டர் அறை, 1,500 வாட்.

பழைய தெர்மோஸ்டாட் மே மாதக் கடைசியில் உயிரை விட்டது. மின்சாரத் தரைச் சூட்டுக்கு, 16 ஆம்பியர் மின்சாரம் தாங்கும் என்று போட்டிருந்த உங்கள் மாடலை 1,450 ரேண்ட் கொடுத்து வாங்கினேன். பெட்டியிலும் 16 என்றுதான் இருந்தது.

மாட்டுகிற வேலையை நான் தனியாகச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். டிபி போர்டில், அதாவது வீட்டு மின்பெட்டியில், மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வயரைத் தொட்டார். சுவருக்குள் ஆறு முனைகள்: வரும் மின்சாரத்துக்கு இரண்டு, சூட்டுக் கம்பிக்கு இரண்டு, தரையின் சூட்டை அளக்கும் சென்சாருக்கு இரண்டு. பழைய தெர்மோஸ்டாட்டில் ஒவ்வொன்றுக்கும் தெளிவாக ஓரிடம் இருந்தது. உங்களுடையதில் சூட்டுக் கம்பிக்கான இரண்டு இடங்களில் அரிசி மணி அளவுக்கு ஏதோ படம். கூட வந்த தாளிலோ மூன்று மாடல்களுக்கும் சேர்த்து மூன்று படங்கள், எது எந்த மாடலுக்கு என்று ஒரு வரி கிடையாது. உங்களுக்கே போன் செய்தேன். “மூணுலயும் நாலுலயும் ஹீட்டர் வயர் ரெண்டையும் குடுங்க சார்” என்றார் தம்பி. கொடுத்தோம். திரையில் தீச்சுடர் படம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் தரை மட்டும் ஐஸ்.

பெரியவர் மல்டிமீட்டரை எடுத்தார். முதலில் எல்லாவற்றையும் அணைத்துச் சூட்டுக் கம்பியைத் தனியாக அளந்தார்: 35 ஓம். 230 வோல்ட்டில் 1,500 வாட் இழுக்கும் கம்பிக்கு அதுதான் கணக்கு, ஆக கம்பி அறுந்துபோகவில்லை. சென்சார் 18 கிலோ ஓம் காட்டியது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் சென்சார், 12 டிகிரித் தரையில் அவ்வளவுதான் காட்டும். பிறகு கரண்ட் கொடுத்துப் பார்த்தார். கருவியின் நான்காவது முனைக்கும் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) நடுவே 230 வோல்ட் இருந்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. அதாவது போகிற வழி இருக்கிறது, திரும்புகிற வழி இல்லை. கம்பியின் நியூட்ரலை நேராக வரும் நியூட்ரலோடு சேர்த்ததும் தரை சூடாகத் தொடங்கியது. “கருவி சரியில்லையே தம்பி” என்று அப்போதே முணுமுணுத்தார். அம்மா செய்து கொடுத்த முறுக்கைக் கொறித்துக்கொண்டு நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்கு நாள் ஓடியது. அந்த வெள்ளிக்கிழமை மாலை தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் டர்பனுக்குக் கிளம்பினோம். ஞாயிறு மாலை திரும்பி வந்து கதவைத் திறந்தால் அம்மாவின் அறையில் கால் வைக்க முடியவில்லை. திரையில் ‘ஆஃப்’ என்றிருக்கிறது, தரையோ தோசைக்கல். ப்ரீபெய்டு மீட்டரில் அந்த ஒரு அறைக்கு மட்டும் 72 யூனிட் போயிருக்கிறது. டைல்ஸ் என்பதால் தப்பித்தோம். மர லேமினேட் தரையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஐசோலேட்டரை அணைத்துக் கருவியைக் கழற்றினோம். எந்த வயரும் இல்லாமல் மேசை மேல் கிடக்கும்போதே மின்சாரம் உள்ளே வரும் லைவ் முனைக்கும் நான்காவது முனைக்கும் நடுவே மீட்டர் பூஜ்ய ஓம் காட்டியது, அதாவது இரண்டும் உள்ளே சேர்ந்தே இருக்கின்றன. மின்சாரத்தை விட்டு நிறுத்தும் உள் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏன் என்று யோசித்தபோதுதான் பின்பக்கம் உங்கள் கம்பெனியின் பார்கோடு ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. அதிலும் 16 ஆம்பியர். அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் ஓரம் தெரிந்தது. நகத்தால் உரித்தோம். தயாரித்தவர் அச்சடித்தது: தண்ணீர் வால்வுக்கு, 3 ஆம்பியர்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. இது கம்பிக்கு அல்ல, தரைக்கடியில் சுடுதண்ணீர் ஓடும் வீடுகளில் வால்வைத் திறந்து மூடுவதற்கான மாடல். அந்த அரிசி மணிப் படங்கள் ‘வால்வு மூடு’, ‘வால்வு திற’. சூடு கேட்கும்போது திறக்கும் முனையில் மட்டும்தான் மின்சாரம் வரும். தம்பி வேறு மாடலின் படத்தைப் பார்த்து எங்களுக்கு வழி சொல்லியிருக்கிறார். 3 ஆம்பியர் என்றால் 690 வாட் வரைதான். எங்கள் கம்பி இழுப்பது ஆறரை ஆம்பியர். இரண்டு மடங்குக்கு மேல் சுமத்தினால் ரிலேயின் தொடுமுனைகள் பொறி பறந்து உருகி ஒட்டாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் படங்களோடு அனுப்பியதற்கு வந்த பதிலைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தாளில் பழுப்பு, நீல வயர் போட்டிருக்கிறதாம், என் படத்தில் சிவப்பு, கருப்பு தெரிகிறதாம், அதனால் நான் மாற்றி இணைத்துவிட்டேனாம், வாரண்டி செல்லாதாம். ஐயா, தென்னாப்பிரிக்காவில் வீட்டுச் சுவருக்குள் சிவப்புதான் லைவ், கருப்புதான் நியூட்ரல். பழுப்பும் நீலமும் சாதனங்களோடு வரும் வயரில் இருக்கும். இந்த நாட்டில் பொருள் விற்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டாமா? அதை விடுங்கள், லைவும் நியூட்ரலும் மாறியே இருந்தாலும் 3 ஆம்பியர் ரிலே 16 ஆகிவிடாது.

எனக்கு வேண்டியது இதுதான். 1,450 ரேண்ட் முழுவதும் திரும்ப வேண்டும், வீணாய்ப் போன 72 யூனிட்டுக்கான பணமும் வேண்டும். மாற்றுப் பொருள் வேண்டாம். பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை இங்குள்ள 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு எனக்குக் கொடுக்கிறது. எடுத்துப் போகும் செலவும் உங்களுடையதுதான். பணத்தை விட முக்கியமாக, அந்த ஸ்டிக்கர் ஒட்டிய மற்ற பெட்டிகளைத் தேடிப் பிடியுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இன்றைக்கே போன் செய்து ஐசோலேட்டரை அணைக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஊரில் இல்லாதபோது நடந்தது, இன்னொரு வீட்டில் ஆட்கள் தூங்கும்போது நடக்கலாம்.

14 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் போவேன். கருவியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாதி உரித்த ஸ்டிக்கரை அப்படியே விட்டிருக்கிறேன். ரசீதும் மீட்டர் அளவுகளின் படங்களும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் லெனேசியா வாடிக்கையாளர்

பி.கு.: போனில் பேசிய தம்பியைத் திட்டாதீர்கள். கையில் கொடுத்த படத்தைப் பார்த்துத்தான் அவர் சொன்னார்.