படிக்கிற காலத்தில் அடுப்பு எரிய வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

2030ஆம் ஆண்டுக்குள் இலங்கை இராணுவத்தின் ஆளணியை ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. விலகி வீடு போகிறவர்களுக்கு என்ன படிப்பு, என்ன தொழில் என்ற பேச்சு எழும்போது, 2009இல் போர் முடிந்த பிறகு புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளியே வந்த ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகளையும் சேர்த்தே திட்டம் போட வேண்டும். ஆமிக்காரரையும் எங்கட பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைப்பதோ என்று இங்கே வடக்கில் சிலர் கோபிப்பார்கள். தெற்கிலும் கோபிப்பார்கள். படிக்க வேண்டிய வயதில் துவக்குத் தூக்கியவர்களுக்கு இழந்த படிப்பைத் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு அந்தப் பேதம் தெரியவில்லை.

அமெரிக்கா 1944இல் போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. கல்விக் கட்டணத்தோடு, படிக்கிற காலத்துச் சீவனத்துக்கு மாதாந்தம் தனி ஆளுக்கு 50 டொலர், குடும்பகாரருக்கு 75 டொலர் கொடுத்தது. எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் படித்தார்கள், தொழில் பழகினார்கள். அங்கே இன்றைய திட்டத்தில் 36 மாதப் படிப்புக்கு உதவி உண்டு. நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைப் பிள்ளைகளுக்கும் மாற்றிவிடலாம். சேவையிலிருந்து விலகி 15 ஆண்டுகளுக்குள் படிக்க வேண்டும் என்றிருந்த கெடுவையும், 2013 ஜனவரி முதல் விலகியவர்களுக்கு 2017இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலன் கறுப்பினத்தவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. சட்டத்தில் நிறம் பற்றி எதுவும் இல்லை. தென் மாநிலங்களில் அதை நடைமுறைப்படுத்திய உள்ளூர் அலுவலர்கள்தான் வழியை மறித்தார்கள். சுற்றறிக்கை ஒன்றும் கந்தோர் நடப்பு வேறொன்றுமாகப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது விளங்கும்.

எங்கள் நாட்டில் பள்ளிக்கூடமும் அரச பல்கலைக்கழகமும் இலவசம். ஆகவே கட்டணத்தை விட நாட்கூலிதான் இடிக்கிறது. என்னிடம் மாலையில் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்குப் படிக்க வரும் ஒருவர் பகலில் வெல்டிங் வேலை செய்கிறார். கேற், கிறில், படகு எஞ்சின் எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. பதினாறு வயதில் வன்னியில் ஒரு வேர்க்சொப்பில் பழகியது. முகாமில் கொடுத்த பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. அதை வெளியே எடுக்க மாட்டார். அதன் தலைப்பிலேயே ‘புனர்வாழ்வு’ என்று கிடக்கிறது, வேலை கேட்டுப் போனால் கொடுக்கிறவர் அதை வாசித்துவிட்டு ஆளை ஏற இறங்கப் பார்க்கிறாராம். ஒரு கிழமை வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. பிறகெப்படி ஆறு மாதம் வகுப்பில் இருப்பார்?

கற்றதை வகுப்பின்றியே மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதற்கு அனுபவத்துக்கான ஆதாரம் காட்ட வேண்டும். வன்னி வேர்க்சொப்பில் பழகியவர் யாரிடம் கடிதம் வாங்குவார்? இத்தகையவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை ஒன்றே போதும் என்று விதியைத் தளர்த்தலாம். இதற்குப் பெரிய காசும் தேவையில்லை. சான்றிதழில் முகாமின் பெயரும் வராது.

காசு தேவைப்படுவது மற்றதற்கு. படிக்கிற மாதங்களுக்குச் சீவனப்படி, அங்கவீனமானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. வயதுக் கெடு வைக்கக் கூடாது. 2009இல் இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தமக்கு இனிப் படிப்பு வேண்டாம் என்கிறவர், அந்த உதவியைத் தன் மகளின் உயர்தரப் படிப்புக்கு மாற்ற இடம் வேண்டும். விண்ணப்பப் படிவம் தமிழிலும் இருக்க வேண்டும், பிரதேச செயலகத்திலேயே கொடுத்து முடிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். விசாரணைக்கு என்று திரும்ப முகாம் வாசலுக்குக் கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை கணித ஆசிரியர்,
கோண்டாவில்.